மீன்கண் விழுந்த கித்தார்

எங்கள் வீட்டில் ஒரு கித்தாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சீக்கிரம் குணமாக வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள். குணமாகவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். இரண்டு வேண்டுதலும் ஒரே மாதா படத்துக்கு முன்னால்தான் நடந்தன. அந்தம்மா பாடு திண்டாட்டம்தான்.

உடம்பு சரியில்லை என்றால், அதன்மேல் அடித்த பெயின்ட் நிற்கவில்லை. ஒழுங்காக நின்று காய்ந்துவிட்டால், திருவிழாப் பூசையில் ஊரே பார்க்க நான் அந்தக் கித்தாரை வாசித்தாக வேண்டும். நான் எப்படிப்பட்டவள் என்று சொன்னால்தான் இந்தக் கஷ்டம் புரியும். நல்லம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வரும்போது என் ஊர் வந்துவிட்டால், "நிறுத்துங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாராவது இறங்கினால் சேர்ந்து இறங்குவேன். இல்லாவிட்டால் அடுத்த ஊர் வரைக்கும் போய்விட்டு நடந்து வருவேன். என் காலில் இருக்கும் பலம் எல்லாம் அப்படி வந்ததுதான்.

கணவர் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். வீடு மாதா கோயிலுக்கு நேர் எதிரே. தம்பி லாரி ஓட்டி ஓய்ந்தவன். லாரியை விட்டாலும் ஹாரனை விடவில்லை, தொண்டையில் வைத்திருக்கிறான். அவன் மனைவி பக்திமான். வேளாங்கண்ணிக்குப் போனால் மந்திரித்த எண்ணெயைச் சின்னச் சின்னப் பாட்டிலில் வாங்கி வருவாள். எங்களுக்குத் தலைவலி வந்தால் நெற்றியில், மூட்டு வலித்தால் முட்டியில், மாடு தீனி எடுக்காவிட்டால் மாட்டின் மூக்கில், கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டுவிடுவாள். மிக்ஸி நின்றபோது மிக்ஸிக்கும் போட்டாள். மிக்ஸி ஓடியது. கரன்ட் வந்ததும் அதே நேரம்தான் என்று தம்பி சொன்னதற்கு, அன்றைக்கு அவனுக்குக் குழம்பு கிடைக்கவில்லை.

கொரோனா வந்து கோயிலைப் பூட்டினார்கள் அல்லவா, அப்போதுதான் பாடகர் குழுவின் மின்சாரக் கித்தார் எங்கள் வீட்டுக்கு வந்தது. கோயிலில் எலித்தொல்லை. எலி சாமிக்கே பயப்படவில்லை, கித்தாருக்கா பயப்படும் என்று எதிர்வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்பீக்கர் பெட்டி கோயிலிலேயே இருந்துவிட்டது.

மின்சாரக் கித்தாருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஸ்பீக்கரில் மாட்டாமல் வாசித்தால், காதோரம் கொசு பாடுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. உலகத்தில் எனக்கென்றே ஒரு வாத்தியம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தம்பி சந்தைக்கும் அவன் மனைவி காட்டுக்கும் போன பிறகு, போனில் வீடியோவைப் போட்டு வைத்துக்கொண்டு கம்பியை அழுத்திப் பார்ப்பேன். விரல் நுனியெல்லாம் கொப்புளம். தோசைக்கல் சுட்டது என்றேன். அந்த வருடம் தோசைக்கல் என்னைச் சுட்டுக்கொண்டே இருந்தது. கோயில் திறந்த பிறகும் கித்தாரை ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போவார்கள், திரும்ப எங்கள் வீட்டில் வைப்பார்கள். மற்ற ஆறு நாளும் எனக்கு. பூசைப் பாட்டு எல்லாம் எனக்குக் கைக்கு வந்துவிட்டது. யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததுதான் அதில் பாதி சுகம்.

கெடுத்தவன் தம்பி. கட்டிலில் போர்வைக்கு அடியில் நான் கித்தாரை ஒளித்துவைத்திருந்தேன். அவன் வந்து அதன்மேல் கேழ்வரகு மூட்டையைப் போட்டான். ஒரு சத்தம். போர்வையை எடுத்துப் பார்த்தால் கித்தாரின் உடம்பு நெடுக்காகப் பிளந்து கிடந்தது. என்னை அறியாமல் அழுதுவிட்டேன்.

"கித்தாரு ஒடஞ்சா பாட்டுப் பாடுறவங்க அழுவணும். நீ எதுக்குக்கா அழுவுற?" என்றான்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவன் சும்மா இருப்பானா? என் இடது கையைப் பிடித்து விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தான். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை அவனுடையது. காய்ப்பு எதனால் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"அக்கோவ்! நீ இத வாசிப்பியா?"

அந்தக் கேள்வியை மெதுவாகக் கேட்டிருந்தால் என் தலையெழுத்தே வேறு. சாயங்காலத்துக்குள் பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, கித்தார் வாசிச்சவரு ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டாரு. திருவிழாவுக்கு யாருமில்லன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். நீங்கதான் வாசிக்கறீங்க" என்றார். கேட்கவில்லை, சொன்னார். சிஸ்டர்கள் அப்படித்தான்.

"கித்தாரே இல்லீங்களே சிஸ்டர்" என்றேன். முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு.

"ஒடம்பு மட்டுந்தான் ஒடஞ்சது சிஸ்டர்" என்றான் தம்பி. "கழுத்து, கம்பி, ஒயரு எல்லாம் முழுசா இருக்குது. ஒடம்ப நான் செஞ்சுடுறேன். லாரி பாடி கட்டுறத எத்தன தடவ பாத்திருக்கேன், இது கட்டமாட்டனா?"

கட்டினான், உண்மையைச் சொல்ல வேண்டும். பழைய உடம்பை மாமரப் பலகைமேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, மரம் அறுக்கிற மில்லில் கொடுத்து அறுத்து வாங்கி வந்தான். பார்க்க ஆட்டுத் தொடையைப் பிளந்து வைத்ததுபோல் இருந்தது. கனமும் அதே கனம். கழுத்தையும் கம்பியையும் மாட்டிப் பார்த்தால், கொசு முன்னைவிட நன்றாகவே பாடியது. இனிச் சொல்ல ஒரு சாக்கும் இல்லை, வாசித்தாக வேண்டும். எனக்கு வழியே தெரியவில்லை. வழியைத் தம்பியே திறந்துவிட்டான்.

"இன்னும் பெயின்ட் அடிக்கல. அம்மணமாவா கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறது?"

கழுத்தைக் கழற்றிவிட்டு, வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை பெயின்டைப் பிரஷ்ஷில் தோய்த்து அப்பினான். ஒரே அடியில் முடிக்க வேண்டும் என்று தடியாக அப்பினான். பக்கத்துக் களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று எங்கள் பக்கம். கொஞ்ச நேரத்தில் கித்தாருக்கு உடம்பெல்லாம் ரோமம் முளைத்தது. சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் வெயிலில் வைத்தான். மேலே தோல் காய்ந்தது, உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. அந்த ஈரம் சூடேறி, அப்பளம் பொரிகிற மாதிரி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. தம்பி ஒரு கொப்புளத்தை நகத்தால் உடைத்துப் பார்த்தான். பச்சையாக வடிந்தது.

"அம்மை போட்டிருக்குது" என்றாள் அவன் மனைவி, உண்மையான கவலையோடு.

நான் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, தம்பி தொப்பூர்ப் பக்கம் லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் தன் பழைய சிநேகிதரைக் கூட்டிவந்தான். பெயின்டர் மொபெட்டில் கம்பரஸரைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பெரிய டாக்டர் மாதிரி கித்தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்தார், நகத்தால் கீறினார்.

"யாருங்க மொதல்ல வைத்தியம் பாத்தது?"

தம்பி தலையைச் சொறிந்தான்.

"ஒரே மொத்தமா அப்புனா இப்பிடித்தான். மெல்லிசா அடிக்கணும், காய வுடணும், மறுபடி மெல்லிசா அடிக்கணும். பொண்டாட்டிகிட்டப் பேசற மாரி. கொஞ்சம் கொஞ்சமா."

"அதான் ஒன் பொண்டாட்டி மொரப்பூர்ல அம்மா வூட்டுல இருக்குதா?" என்றான் தம்பி.

பெயின்டர் பட்டி பார்த்தார், பிரைமர் அடித்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னார். என்ன நிறம் என்று ஒரு சண்டை. தம்பிக்குச் சிவப்பு. அவன் மனைவிக்கு மாதாவின் முக்காட்டு நீலம். பெயின்டருக்கு நிறம் எதுவானாலும் சரி, ஓரத்தில் ஒரு தாமரையும் இரண்டு கண்ணும் வரைய வேண்டும், லாரிக்கு வரைகிற மாதிரி. நீலம் ஜெயித்தது. தாமரையைக் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினோம்.

நீலம் அடித்த அன்று தூறல். அடித்து வைத்த கையோடு கித்தார் வெளுத்தது. பூசணிக்காய்மேல் சாம்பல் பூக்கும் பாருங்கள், அப்படி. "மழ ஈரம் உள்ள பூந்துடுச்சு, வெயில் வரட்டும்" என்றார் பெயின்டர். எனக்கு மழைமேல் பெரிய மரியாதை வந்தது. ஆனால் தர்மபுரி மழையை நம்பி யார் பிழைத்தார்கள்? மறுநாளே வெயில் கொளுத்தியது. பெயின்டர் வெறும் தின்னரை மெல்லிசாகப் பீச்சினார், பூத்ததெல்லாம் மறைந்துவிட்டது. அந்த வெயிலிலேயே அடுத்த கோட்டையும் அடித்தார். பெயின்ட் மரத்தில் போய் உட்காரும் முன்னே பாதி வழியில் காய்ந்து, சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நின்றது. ஈரம் இருந்தால் ஒரு நோய், வெயில் இருந்தால் ஒரு நோய். சீக்காளிப் பிள்ளைதான்.

"தேச்சுட்டாப் போவுது. தண்ணி தொட்டுத் தேய்ங்கம்மா. ஒங்க கை பதமா இருக்குது" என்று உப்புத்தாளை என்னிடமே கொடுத்தார் பெயின்டர். நான் தேய்த்தேன். வேலையைக் கெடுக்க எனக்குத் தைரியம் கிடையாது. தாமதப்படுத்த மட்டும் இருந்தது. அம்மி கொத்துகிறவர்கூட என்னைவிட வேகமாக வேலை செய்வார்.

அடுத்த கோட் அடித்தபோதுதான் விஷயம் கை மீறியது. பெயின்டர் அடித்துக்கொண்டே இருந்தவர், "ஐயையோ" என்று பெயின்ட் பீச்சும் குழாயைக் கீழே வைத்துவிட்டார். கித்தாரின் நெஞ்சில் பெயின்ட் சின்னச் சின்ன வட்டமாக விலகி விலகி நின்றது. வட்டத்துக்கு நடுவே அடியில் இருந்தது தெரிந்தது. ஒவ்வொன்றும் செத்த மீனின் கண்.

"மீன்கண்ணு வுழுந்துடுச்சுங்க. எண்ண பட்ட எடத்துல பெயின்ட் ஒட்டாது, ஓடிப்போயிரும். யாரு எண்ணக் கைய வெச்சது?"

எல்லோரும் தம்பியைப் பார்த்தோம். அவன் கையில் போண்டா இருந்தது.

"நான் தொடவே இல்லடா!" என்றான். யார் நம்புவது?

காயட்டும் என்று நான் அதை ஆணியில் நேராக மாட்டினேன். மாட்டிவிட்டுத் திரும்பினால் பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். தம்பி மனைவி முழங்காலில் விழுந்திருந்தாள்.

"அண்ணி! சிலுவங்க அண்ணி! பாருங்க!"

பார்த்தேன். மீன்கண்கள் மேலிருந்து கீழே ஒரு வரிசை, குறுக்கே ஒரு வரிசை. சிலுவைதான். இல்லை என்று சொல்ல முடியாது.

பெயின்டர் அதைப் போட்டுத் தேய்த்தார். மறுபடி அடித்தார். சிலுவை மறுபடி வந்தது, முன்னைவிடப் பெரிதாக. லாரிக்கு அடித்துப் பழகிய மனுஷன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தம்பி மனைவி தெருவுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் தெரு வந்தது. மறுநாள் ஊர் வந்தது. அதற்கடுத்து மொரப்பூரிலிருந்து பஸ் ஏறி பெயின்டரின் மனைவியே வந்துவிட்டாள், தாய்வீட்டார் பட்டாளத்தோடு. அற்புதம், புதுமை என்று எல்லோரும் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். பெயின்ட், தின்னர் வைத்திருக்கிற இடத்தில் மெழுகுவர்த்தி. கொளுத்தாதீர்கள் என்று தம்பி வாசலில் நின்று கத்தியே தொண்டையைத் தேய்த்துக்கொண்டான். பக்கத்து வீட்டு அம்மா மஞ்சள் குங்குமத்தோடு வந்து, "எங்க மாரியம்மா வேப்பமரத்துல பால் வடிச்சா. ஒங்க சாமி பெயின்ட்டுல வருது. எல்லாம் ஒண்ணுதான்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஒருவர் இடுப்பு வலிக்கு வேண்டினார். ஒருத்தி மகனுக்குப் பெண் கிடைக்க வேண்டும் என்று அழுதாள். ஆட்டுத் தொடை மாதிரி இருக்கிற ஒரு பலகையிடம் போய்ப் பெண் கேட்டார்கள்.

இதுவரைக்கும்கூட நான் பொறுத்துக்கொண்டேன். இப்படியே போனால் பெயின்ட் நிற்காது, வாசிக்க வேண்டாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஆனால் அவர்கள் அடுத்து ஒன்று கேட்டார்கள் பாருங்கள்.

"இத வாசிக்கப்போற அம்மா எங்க? அவங்க கையத் தலமேல வெச்சா நல்லாயிருக்கும்."

நான் கேழ்வரகு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். தும்மல் வந்து காட்டிக்கொடுத்தது. இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். வரிசையாகத் தலையைக் குனிந்தார்கள். யார் யாரோ எண்ணெய் வைத்துச் சீவிய தலை. கையை வைக்கவும் கூச்சம், எடுக்கவும் கூச்சம். கோயிலில் வாசிப்பது என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இது எப்போது முடியும்? அன்றைக்குத்தான் என் வேண்டுதலை மாற்றினேன். மாதாவே, பெயின்ட் நிற்கட்டும், நான் வாசித்துத் தொலைக்கிறேன், இவர்களை வீட்டுக்கு அனுப்பு என்றேன்.

மத்தியானம் கூட்டம் சாப்பிடப் போன நேரத்தில் தம்பி மனைவி கையில் சின்னப் பாட்டிலோடு வந்தாள். மூடியைத் திறந்தாள். கட்டைவிரலை நனைத்தாள். கித்தாரின் நெஞ்சில், மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. முத்தமும் கொடுத்தாள்.

"என்னாடி பண்ற?"

"எண்ண வெக்கறங்க அண்ணி. தெனமும் வெக்கறதுதானே."

"எப்பருந்து?"

"அந்தச் சாத்துக்குடித் தோலு வந்ததுலருந்து. ஒண்ணு மாத்தி ஒண்ணு சீக்கு வருதேன்னு மனசு கேக்கல. இப்பப் பெரிய நோவா இருக்குதேன்னு கொஞ்சம் தாராளமாவே வெக்கறேன்."

"அப்ப அந்தச் சிலுவ…"

"ஆமாங்க அண்ணி!" அவள் முகமெல்லாம் சிரிப்பு. "நான் வெச்ச எண்ணதான் வேல செஞ்சிருக்குது!"

எண்ணெய் வேலை செய்தது உண்மைதான். அதில் நான் என்ன குறை சொல்ல? பெயின்டர் சொன்னது இவள் காதிலும்தான் விழுந்தது. ஆனால் எண்ணெய் என்றால் அவளுக்குப் போண்டா எண்ணெய். இது வேளாங்கண்ணி எண்ணெய். அது வேறு ஜாதி. நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே எங்கள் கோயில் சாமியார் வந்துவிட்டார். முற்றம் கொள்ளாத கூட்டம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கித்தாரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"வருசமெல்லாம் மணியடிச்சுக் கூப்புடறேன், முன் பெஞ்சு காலியாக் கெடக்குது. கித்தாருக்கு பஸ் ஏறி வர்றீங்க. சரி, இது எப்பிடி வந்ததுன்னு யாராவது சொல்லுங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்ல வேண்டியவள் நான் மட்டும் சுவரோடு ஒட்டி நின்றேன். சொன்னால் கூட்டம் போய்விடும், திருவிழா வந்துவிடும். சொல்லாவிட்டால் நாளைக்கும் தலைகள் வரும். அவள் பக்கத்தில்தான் நின்றாள், கையில் அதே பாட்டில். எனக்கு நாக்கு எழவில்லை.

உள்ளே போனேன். பெயின்டர் பதம் பார்க்கப் பிரைமர் அடித்து வைத்திருந்த துண்டுப் பலகை ஒன்று கிடந்தது. எடுத்துவந்தேன். தம்பி மனைவி கையிலிருந்த பாட்டிலில் என் கட்டைவிரலை நனைத்து, எல்லோரும் பார்க்கப் பலகைமேல் ஒரு கோழி வரைந்தேன். ஏன் கோழி என்று கேட்டால் தெரியாது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எனக்கு வரைய வந்தது அது ஒன்றுதான். பலகையைப் பெயின்டரிடம் நீட்டி, "அடிங்க" என்றேன்.

கம்பரஸர் உறுமியது. நீலம் பலகையை மூடியது. எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்க்க, புள்ளி புள்ளியாகப் பெயின்ட் விலகியது. கொண்டை வந்தது. வால் வந்தது. கடைசியில் இரண்டு கால்.

எல்லோரும் பலகைக்குக் கிட்டே வந்தார்கள்.

"இது கத்திரிக்காயா?" என்றார் ஒரு பெரியவர்.

"கொண்ட இருக்குதே, பாக்கறதில்ல? கோழிங்க" என்றார் பெயின்டர்.

"கத்திரிக்காய்க்கும் காம்பு இருக்கும்ல?"

சாமியாருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. "பொறவு வேற என்னா வேணும்? எல்லாரும் வூட்டுக்குப் போங்க. ஞாயித்துக்கெழம முன் பெஞ்சுல பாக்கறேன்" என்றார். கூட்டம் கலைந்தது. மொரப்பூர்க்காரர்களில் ஒரு அம்மா மட்டும், கோழிப் பலகையைத் தரமுடியுமா என்று கேட்டு வாங்கிப் போனார். வீட்டில் கோழி முட்டை வைக்கவில்லையாம். வைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை. வைத்திருந்தால் மறுபடி கூட்டம் வரும்.

தம்பி மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "ஒங்க அக்காவச் சாப்புடச் சொல்லுங்க" என்று தம்பி வழியாகத்தான் சோறு வந்தது. தம்பி வெளியே போயிருந்தால், "மாடு, ஒங்க அக்காவ வரச் சொல்லு" என்று மாடு வழியாக வந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஊர் முன்னால் அவள் சிலுவையை நான் கோழியாக்கிவிட்டேன்.

திருவிழாவுக்குக் கொடியேற்றமும் ஆகிவிட்டது. தேய்த்துத் தேய்த்து எண்ணெயை மரத்துக்குள்ளேயே ஏற்றிவிட்டோம் என்று பெயின்டர் அப்போதுதான் கண்டுபிடித்தார். முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறோம். நான் தொட்டியடியில் உட்கார்ந்து கித்தாரைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவக் கழுவப் பிசுக்கு போகவில்லை. தம்பி மனைவி பின்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது.

"வடச் சட்டி கழுவறது எனக்குத் தெரியாததா? தள்ளுங்க அண்ணி" என்று நேராக என்னிடமே சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வெந்நீரும் சோப்பும் போட்டு ஒரே பக்கமாக அழுத்தித் துடைத்தாள். துணியை மாற்றினாள். மறுபடி துடைத்தாள். "வெச்சவளே எடுக்கறேன், போதுமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்துவிட்டு, உடனே முறைத்தாள்.

அதன் பிறகு தின்னர் தொட்டுத் துடைத்து, காயவைத்து, தேய்த்து, பிரைமரிலிருந்து ஆரம்பித்தோம். தூறல் இல்லை, கொளுத்தும் வெயிலும் இல்லை, போண்டாவும் இல்லை. முன்பக்கம் முகம் பார்க்கிற மாதிரி வந்தது. பின்பக்கம்தான் அவசரத்தில் கொஞ்சம் தடித்துவிட்டது. திருவிழாவுக்கு முந்தின நாள் பெயின்டர் விரலால் தொட்டுப் பார்த்து, "மேல காஞ்சிருச்சுங்க, உள்ள இன்னும் ஈரமா இருக்குது. சூடு காட்டாம பாத்துக்கோங்க" என்றார். கழுத்தை மாட்டினோம்.

கோயிலில் கால் வைக்க இடமில்லை. நான் தூணோரம் நின்றேன். முதல் பாட்டும் காணிக்கைப் பாட்டும் மட்டும் வாசித்தால் போதும், மற்றதைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளும் என்று சிஸ்டரிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன். காணிக்கைப் பாட்டு முடிந்ததும் பக்கவாட்டு வாசல் வழியாக வீட்டுக்கு ஓடிவிடுவது என் திட்டம்.

ஸ்பீக்கரில் ஒயரை மாட்டினார்கள். சிஸ்டர் தலையை ஆட்டினார். நான் கம்பியைத் தொட்டேன். இத்தனை காலம் கொசுவாக இருந்தது, தொப்பூர்க் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி மாதிரி வந்தது. ஒரு குழந்தை வீரிட்டது. எனக்கே வீரிடலாம் போல் இருந்தது. அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது, கை தன்பாட்டுக்குப் போனது. நான் ஒன்றும் செய்யவில்லை, நின்றேன், அவ்வளவுதான்.

காணிக்கைப் பாட்டு முடிந்தது. பட்டையைத் தோளிலிருந்து கழற்றி, கித்தாரை இறக்கினேன். வரவில்லை. இழுத்தேன். சேலையும் சேர்ந்து வந்தது. கூட்டத்துச் சூடு, பட்டுச்சேலைச் சூடு, என் வயிற்றில் இருந்த பயத்தின் சூடு, எல்லாம் சேர்ந்து பின்பக்கப் பெயின்ட் இளகி என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த பெண் காதோரம் வந்து, "ஆயா, இழுக்காதீங்க! சேல அவுந்துரும்!" என்றாள்.

கித்தாரோடு ஓடலாம் என்று பார்த்தால் ஒயர் ஸ்பீக்கரில் இருந்தது. பட்டையைத் தோளில் மறுபடி மாட்டிக்கொண்டேன். நற்கருணைப் பாட்டு வாசித்தேன். நன்றிப் பாட்டு வாசித்தேன். ஒரு இடத்தில் தப்பாக வாசித்தேன், சாமியாரே ஆமென் என்றார். மாதா பாட்டு வந்தபோது தபேலாக்காரர் முன்னால் ஓட, நான் விரட்டிப் பிடித்தேன். கடைசியில் கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் சத்தம் தனியாக எனக்குக் கேட்டது. அப்போது எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றவில்லை.

பூசை முடிந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்தார்கள். பயந்துவிட்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. "காஞ்சிருச்சா?" என்று ஆளுக்கொரு விரலால் கித்தாரைத் தொட்டுப் பார்த்தார்கள். கோயிலுக்குப் பின்பக்கம் போய், தம்பி கித்தாரைப் பிடித்துக்கொள்ள, அவன் மனைவி வேகாத தோசையைக் கல்லிலிருந்து எடுப்பதுபோல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேலையை உரித்தாள். சேலை பிழைத்தது. கித்தாரின் முதுகில் சேலையின் நெசவு அப்படியே பதிந்திருந்தது, ஓரத்துக் கரையும் மாங்காயும்கூட.

"சே, கெட்டுப்போச்சே!" என்று தம்பி பாக்கெட்டிலிருந்து உப்புத்தாளை எடுத்தான். "குடு, தேச்சுட்டு இன்னொரு கோட் அடிச்சுடலாம்."

"கைய வெச்ச, பாரு!" என்றேன்.

தேர் தூக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகவா சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. தம்பி உப்புத்தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

"சரிக்கா, வுடு. அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாசிக்கணும்னு சிஸ்டர் சொல்லச் சொன்னாங்க. ஒட்டிக்கிட்டா என்னா பண்ணுவ?"

"நூல் சேல கட்டிக்கிறேன்" என்றேன்.